கண்ணாடி வயிறு

ஆல்புமின் பொடி பதினைந்து நாளில் வரும் என்றார்கள்.
வரவில்லை.
அம்மாப்பேட்டையில் அரை டஜன் முட்டை வாங்கினேன்,
நாமக்கல் முட்டை.
மஞ்சள் கரு ஆறும் ஷெரினின் ஆம்லெட்டாயிற்று.
வெள்ளையில் தியோபிலின் கலந்து
திரவப் பாரஃபினுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டேன்.
கலக்கி, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று.
எண்ணெய்க்குள் மாட்டிக்கொண்ட நீருக்கு
ஒரே வடிவம்தான் தெரியும்:
உருண்டை.

நுண்ணோக்கியில் கண் வைத்ததும்
சிரிப்பு வந்துவிட்டது.
ஆத்தூர் ரோட்டுக் களங்களில்
வெயிலுக்கு விரித்துப் போட்ட ஜவ்வரிசியேதான்.
இருபது மடங்கு சின்னது,
அவ்வளவுதான் வித்தியாசம்.
இதற்கா இரண்டு வருஷம், இவ்வளவு கடன்?

முதல் தொகுதி
முதல் மணி நேரத்திலேயே அறுபது சதவீதம் கொட்டிவிட்டது,
ஒன்றாம் தேதி சம்பளத்தை
மூன்றாம் தேதிக்குள் முடிக்கிறவன் மாதிரி.
குளூட்டரால்டிஹைடு கூட்டினேன்.
புரதம் புரதத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும் மருந்து அது.
நான்காம் தொகுதியில் பிடித்த கை விடவே இல்லை.
பன்னிரண்டு மணி நேரத்துக்கு இருபத்திரண்டு சதவீதம்.
நோட்டில் பென்சிலால் எழுதினேன்: கஞ்சன்.
பிறகு அழித்தேன், கைடு பார்ப்பார்.

இன்று ஆறாம் தொகுதி.
ஆறு கண்ணாடிப் பாத்திரம், முப்பத்தேழு டிகிரி.
இரண்டு மணி நேரம் இரைப்பை அமிலம்,
பிறகு குடல்.
இந்த வயிறு மதியம் மறந்துபோகாது.
கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்காது.
மணிக்கொரு தரம் ஐந்து மில்லி எடுக்கிறேன்.
எடுத்த ஐந்தை உடனே புதிதாக ஊற்றிவிட வேண்டும்,
இல்லாவிட்டால் கணக்குப் பொய் சொல்லும்.

மாலை நாலுக்கு ஆரம்பித்தது.
ஆறு மணிக்குத் தவசியப்பன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.
பத்து மணிக்கு ஐந்து ரோட்டுச் சத்தம் அடங்கியது.
கோடு ஏறுகிறது, அவசரமில்லாமல்.
நாற்பத்தாறு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு.

மூன்று மணிக்கு லூர்து அக்கா போன்.
நாகலூர் எஸ்டேட் லைன் வீடு.
நாளைக்கு மூன்று வேளை மாத்திரை அவளுக்கு;
மதியத்தது காபிச் செடிகளுக்கு நடுவே
ரவிக்கைக்குள் வியர்வையில் கரையும்.
இரவுது இரண்டு மணியோடு தீரும்.
அப்புறம் பனி.
அவள் பேசவில்லை.
வெயிட் சரியாக உட்காராத குக்கர்போல
ஒரு சீறல் மட்டும்.

இன்ஹேலர் எடு, என்றேன்.
உட்காரு. படுக்காதே.
ஒன்று. மெதுவாக. இன்னொன்று.
அருளப்பன் ஜீப் சாவி வீட்டில் இருக்கா, கேட்டு வை.

என் முன்னால் ஆறு வயிற்றில்
அதே மருந்து,
அவள் மூச்சுக்கு ஏற்ற வேகத்தில்,
அவளுக்குத் தேவையான இந்த மணிக்கு,
சரியாக இறங்கிக்கொண்டிருக்கிறது.
குடிக்க ஆளில்லை.
இன்னும் முயல் இருக்கிறது,
முயலுக்கப்புறம் குழு, கையெழுத்து, பணம்,
வருஷங்கள்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே அவள்.
எனக்கும் அவளுக்கும் நடுவே
அதைவிட அதிகம் வளைவு.

சீறல் மெலிந்தது.
"தூங்கலையாடி நீ?" என்றாள்.
அந்தக் கேள்வி வந்தால் போதும், தப்பித்தாள்.

பதினோராவது மாதிரி எடுக்கும்போது
கடிகாரம் மூன்று ஆறு.
நோட்டில் மூன்று என்று எழுத எண்ணினேன்.
யாருக்குத் தெரியப்போகிறது?
பேனா நின்றது.
11 மணி 06 நிமிடம் என்று எழுதினேன்.
காரணத்துக்கு அந்த அட்டவணையில் கட்டமில்லை.

எழுபத்தொன்பது சதவீதம்.
வரைபடத்தில் அந்தப் புள்ளி
மற்றவற்றைவிடக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி,
ஆனால் கோட்டின் மேல்தான் உட்கார்ந்தது.
நான் பார்க்காத அந்த ஆறு நிமிடமும்
அது கசிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.